ஹரீஷ்குமாரின் மூன்று நிமிடங்கள்

மூக்கண்டப்பள்ளி,
9.6.2025

அப்பாவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கக் கை வரவில்லை. பாப்பாவுக்கு நேற்று மட்டும் ஆறு தடவை வலிப்பு வந்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போனை வீட்டில் எல்லோரும் எடுக்கிறார்கள், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் நீங்கள் உண்மை சொல்ல மாட்டீர்கள் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டு எழுதுகிறேன்.

பெங்களூரில் அந்த டாக்டரம்மா நம் குடும்பத்தைப் படமாக வரைந்தார்கள், நினைவிருக்கிறதா? ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அம்மா உங்கள் சொந்த அக்கா மகள் என்றதும் ஒரு கோடு. நான் கட்டியிருப்பது அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை என்றதும் இன்னொரு கோடு. எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு திரும்பி வந்து உங்கள் அக்கா நாகம்மா அத்தையிடமே முட்டியது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு "மறுபடியுமா?" என்று கேட்டார்கள். ஒரே ஒரு வார்த்தைதான்.

பிறகு கேட்டார்கள்: "இந்த வீட்டில் இதற்கு முன் வேறு எந்தக் குழந்தைக்காவது வலிப்பு வந்ததா?" அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே நீங்கள் "இல்லை" என்றீர்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சாமல்பட்டியில் பாப்பாவுக்கு வலிப்பு வந்தபோது பக்கத்து வீட்டு ஜெயமணி அக்கா என்ன சொன்னார்கள்? "அய்யோ, அப்பிடியே ஹரீசு மாதிரியே கண்ணு சொருவுதே!" நீங்கள் அவர்களை வாசலுக்குத் தள்ளாத குறையாக "போய் உன் வேலையப் பாரு" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எனக்கு முன்னால் ஹரீஷ்குமார் என்று ஓர் அண்ணன் பிறந்தான், அம்மாவின் பால் சேராமல் மஞ்சள் காமாலை வந்து ஒன்றேமுக்கால் வயதில் போய்விட்டான். இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனபோது அம்மா அழுதுகொண்டே "நம்ம பால் புள்ளைங்களுக்குச் சேராதுடி, நிறுத்திடு" என்று சொல்லி நான் பாலை நிறுத்தியதும் அந்தக் கதையை நம்பித்தான்.

பாப்பாவின் ரத்தப் பரிசோதனையில் தெளிவான பதில் வரவில்லை. இதே வீட்டில் இன்னொரு குழந்தைக்கு இப்படி வந்ததற்கு ஆவணம் இருந்தால் எந்த மருந்து என்று முடிவு செய்யலாமாம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்ததாக எழுதப்போகும் மருந்து கண்பார்வையைப் பாதிக்கலாம் என்று முன்கூட்டியே எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஜூலை கடைசி வரை பொறுப்பார்கள்.

நீங்கள் சேலத்து நரம்பு ஆஸ்பத்திரியில் மூளை அலை பதிவு செய்யும் அறையில் இருபத்திரண்டு வருஷம் டெக்னீஷியன். பெற்ற மகனின் தலையில் வயரை ஒட்டிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பழைய மெஷினைக் கழித்துக் கட்டியபோது ஒரு பெட்டி நிறைய பிளாப்பி டிஸ்க் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். ஒன்றை எடுத்து விசிறியதற்கு முதுகில் ஒன்று வைத்தீர்களே, மறக்கவில்லை. ஹரீஷின் டிஸ்க்கை அனுப்புங்கள்.

பார்வதி


சாமல்பட்டி,
15.6.2025

அன்பு மகள் பார்வதிக்கு அப்பா ஆனந்தராஜ் எழுதியது.

இங்கு அனைவரும் நலம். மழை ஒரு தூறல் போட்டது. பெங்களூரா மாமரத்தில் இந்த வருஷம் காய் பரவாயில்லை. ஒரு பெட்டி கட்டி ஓசூர் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன், மாப்பிள்ளை கிருஷ்ணனை விட்டு எடுத்துக்கொள்.

ஜெயமணி ஒரு வாயாடி. அவள் பேச்சை வைத்துப் பெற்றவர்களைச் சந்தேகப்படுவது படித்த பெண்ணுக்கு அழகில்லை. ஹரீஷுக்கு வந்தது காமாலை. கடைசியில் காய்ச்சலில் ஒரு தடவை உதறியது, அவ்வளவுதான்.

பழைய டிஸ்க்குகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. இருந்தாலும் பயனில்லை. அவை ஐந்தேகால் அங்குல டிஸ்க். இப்போது வரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட இடமே கிடையாது. அந்த மெஷின் கம்பெனியும் இல்லை. அவர்கள் பதிவு செய்த முறை வேறு யாருக்கும் தெரியாது. நான் அந்தத் துறையில் இருந்தவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு வலிப்பு என்றால் வைட்டமின் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுப் பார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பிளாக்கை எடுத்துவிடு.

இப்படிக்கு,
ஆனந்தராஜ்


மூக்கண்டப்பள்ளி,
21.6.2025

அப்பாவுக்கு,

மாம்பழம் வந்தது. மேல் வரிசை நன்றாக இருந்தது. அடியில் பாதி அழுகி, சாறு அட்டைப்பெட்டி வழியாக ஒழுகி, வெள்ளைப் புழு நெளிந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைக் குப்பை வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையைக் கழுவக் கழுவ நாற்றம் போகவில்லை.

வைட்டமின் எல்லாம் முதலில் போன ஆஸ்பத்திரியிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்து, பலனில்லை என்று எழுதி விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வதுபோல் நீங்களும் வைத்தியம் சொல்ல வேண்டாம். கேட்டதற்குப் பதில் வேண்டும்.

படிக்கவே முடியாது என்று எழுதியிருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜுபைர் பாய் என்று ஒருவர் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். இங்கே தொழிற்பேட்டையில் இன்னும் பிளாப்பி கேட்கிற பழைய மெஷின்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு அவர்தான் வைத்தியர். கடைக்குள் போனால் எலிப்புழுக்கையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. பாப்பாவின் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு நின்றேன்.

"மூணரை இஞ்சா, அஞ்சேகாலாம்மா?" என்றார்.

"பெரிசுண்ணே. கையில எடுத்தா வளையும்."

"அப்ப அஞ்சேகால். மூணரைன்னா யுஎஸ்பி டிரைவ் வாங்கிச் சொருவிட்டுப் போயிடலாம். இதுக்கு அந்த மாதிரி எவனும் செய்யல."

"படிக்கவே முடியாதுன்னு அப்பா சொல்றாரு."

"அவரு இன்னா வேலை பாத்தாரு?"

"டெக்னீஷியன்."

"அப்படித்தான் சொல்லுவாரு. டெக்னீஷியனுங்க மொதல்ல முடியாதும்பாங்க, அப்பறம் ஸ்க்ரூ டிரைவர் கேப்பாங்க."

சிரித்துவிட்டு மேஜை டிராயரிலிருந்து ஒரு போர்டை எடுத்துக் காட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் என் லேப்டாப்பின் யுஎஸ்பியில் சொருகும். இன்னொரு பக்கம் பட்டையான கேபிள் வழியாகப் பழைய டிரைவில் சொருகும். டிரைவுக்குக் கரண்டு ஒரு பழைய கம்ப்யூட்டரின் பவர் பெட்டியிலிருந்து. டிஸ்க்கில் என்ன முறையில் எழுதியிருக்கிறது என்று அந்த போர்டு கேட்பதே இல்லை. காந்தத் துடிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். அர்த்தம் கண்டுபிடிப்பது நம் பாடு. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். அர்த்தம் நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

டிஸ்க்குகள் போய்விட்டன என்பதும் பொய். பச்சை டிரங்குப் பெட்டியில், உங்கள் கல்யாண வேட்டிக்கு அடியில் இருக்கின்றன. பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். வரும் சனிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் நானே வந்து எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறப்பேன்.

பாப்பாவுக்கு இப்போது ஒரு நாளைக்கு ஒன்பது தடவை.

பார்வதி


சாமல்பட்டி,
26.6.2025

பார்வதிக்கு,

டிஸ்க் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். வளைக்காதே. உள்ளே தெரியும் பழுப்பு வட்டத்தில் விரல் படக்கூடாது. பூசணம் பிடித்திருக்கிறது, அப்படியே டிரைவில் போட்டால் அதைப் படிக்கும் ஹெட் கெட்டுவிடும். உறையின் ஓரத்தை பிளேடால் கீறி வட்டத்தை வெளியே எடுத்து, சுத்தமான ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடை. தேய்க்காதே. காய்ந்த பிறகு வேறொரு டிஸ்க்கின் காலி உறையில் போட்டு ஓட்டு.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நீ தெரிந்துகொள்ளத்தான் அனுப்புகிறேன். ஹரீஷுக்கு ஒரு தடவை பதிவு எடுத்தது உண்மை. முக்கியமான மூன்று நிமிடத்தை இந்த டிஸ்க்கில்தான் வைத்தோம். அப்போது டிஸ்க் தட்டுப்பாடு. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது இதன்மேலேயே வேறொரு நோயாளியின் பதிவை எழுதிவிட்டோம். ஆகவே ஹரீஷுடையது அழிந்துவிட்டது. மேலெழுதியதை எந்த போர்டாலும் கொண்டுவர முடியாது.

பார்த்துவிட்டு மனதை ஆற்றிக்கொள்.

அந்தப் பழ விஷயம் வருத்தமாக இருக்கிறது. கட்டும்போது நல்ல காயாகத்தான் இருந்தது.

ஆனந்தராஜ்


மூக்கண்டப்பள்ளி,
7.7.2025

திரு. ஆனந்தராஜ் அவர்களுக்கு,

அப்பா என்று எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

டிஸ்க்கின் உறையைக் கீறியதும் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. வட்டத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம், தயிரில் ஆடை படிந்த மாதிரி. நீங்கள் சொன்னபடியே துடைத்தேன். பதினாறு பஞ்சு. ஒவ்வொன்றும் பழுப்பும் கறுப்புமாக வந்தது. வேலை விஷயத்தில் நீங்கள் என்றைக்கும் தப்பாகச் சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும்.

முதல் தடவை ஓட்டியபோது நீங்கள் சொன்னதுதான் வந்தது. சாந்த் பாஷா, வயது 42, ராயக்கோட்டை, 1996. ஜுபைர் பாய் "அட, நம்மாளு ஒருத்தரு வந்துட்டாரு" என்று சலாம் வைத்தார். அந்த மனிதரின் பதிவை நான் பிரித்துப் பார்க்கவில்லை, அழித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

"ஏம்மா அழுவுற? மொதல்ல எழுதுன டிரைவு எது, ரெண்டாவது எழுதுன டிரைவு எது, அதக் கேட்டியா?"

உங்கள் கடிதத்தைக் காட்டினேன். புதுக் கம்ப்யூட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டுனாரு உங்கப்பா. பழைய டிரைவுல ஹெட்டு அகலம். புதுசுல பாதிதான். பழைய ரோடு இருவது அடி, நீ நடுவுல பத்தடிக்கு மட்டும் தார் ஊத்துனா ஓரத்துல பழைய ரோடு அப்படியே கெடக்கும்ல? அங்க வண்டிய ஓட்டுவோம்."

அதைத்தான் செய்தோம். புது டிரைவின் ஹெட்டை சாந்த் பாஷாவின் தடங்களுக்கு நடுவில், நீங்கள் இரண்டாம் முறை தொடாத ஓரங்களில் நிறுத்தி ஓட்டினோம். ஒரு தடத்துக்கு நாற்பது தடவை. ஒரு ஓட்டத்தில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைத்தது. நாலு நாள், பாப்பா தூங்கும் நேரமெல்லாம் துண்டு துண்டாக ஒட்டினேன். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் அலையாக வரையும் அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே தலைப்பு வந்துவிட்டது. ஹரீஷ்குமார், ஆண், 11 மாதம்.

தலைப்புக்குக் கீழே குறிப்பு எழுதும் இடம் இருந்தது. ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில். உங்களுக்கு மறந்திருந்தால் தமிழில் எழுதுகிறேன்:

"பெற்றோர் தாய்மாமன், அக்கா மகள். வைட்டமின் ஊசியை அதிக அளவில் மூன்று நாள் கொடுத்ததும் வலிப்பு நின்றது. மாத்திரை ஆயுள் முழுதும். நிறுத்தக் கூடாது. இக்குடும்பத்தில் இனி உறவுக்குள் திருமணம் வேண்டாம் எனத் தந்தையிடம் கூறப்பட்டது. பதிவு: ஆ.ரா."

அந்தத் தந்தையும் நீங்கள்தான். பதிவு செய்த ஆ.ரா.வும் நீங்கள்தான். உங்களுக்குச் சொன்னதை உங்கள் விரலாலேயே தட்டச்சு செய்திருக்கிறீர்கள்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நான்கு வருஷத்துக்கு முன் எனக்குத் தாலி எடுத்துக் கொடுத்தீர்கள். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் "இல்லை" என்றீர்கள். பாப்பா வில்லாக வளைந்து நீலமாகப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு வீட்டுக்குப் போய், பழத்தோடு பழமாக, "வைட்டமின் போட்டுப் பார்க்கலாம், நான் சொன்னதாகச் சொல்லாதே" என்று எழுதினீர்கள். புழுத்த மாம்பழத்தைத் தொட்ட கையைவிட அந்தக் கடிதத்தைத் தொட்ட கையை அதிக நேரம் கழுவினேன்.

நாளை பெங்களூர் போகிறோம். அச்செடுத்து எடுத்துப் போகிறேன்.

மாத்திரையில் நின்ற வலிப்பு என்றால் ஹரீஷ் எப்படிச் செத்தான்?

பார்வதி


சாமல்பட்டி,
14.7.2025

பார்வதிக்கு,

அவனை நான்தான் கொன்றேன் என்று எழுதிவிட்டால் உனக்குப் போதுமா? எழுதிவிட்டேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் வலிப்பு நின்றது. ஒன்றரை வயதில் ஓடினான். காக்காயைப் பார்த்துக் கை தட்டுவான். தினம் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பேன். உன் அம்மா மங்கம்மாவிடம் சத்து மாத்திரை என்றுதான் சொல்லியிருந்தேன். ஆயுள் முழுக்க என்றால் பயப்படுவாள் என்று.

அக்காவுக்கு மட்டும் தெரியும். "தம்பி, ஓடி வெளையாடற புள்ளைக்குத் தெனம் மருந்து குடுத்து நோயாளின்னு பேரு வாங்கித் தராத. நம்ம ரத்தமே கெட்டதுன்னு ஊரு பேசும். நாளைக்குக் கிருஷ்ணனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். கிருஷ்ணனுக்கு அப்போது ஆறு வயது.

அக்கா சொன்னதற்காக நிறுத்தவில்லை. அவளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று நிறுத்தினேன். பத்து நாள் மாத்திரை இல்லாமல் வைத்திருந்து, பிறகு அலை எடுத்துப் பார்ப்போம், சுத்தமாக இருந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். டாக்டரைக் கேட்கவில்லை. நான் ஆயிரம் பேருக்கு அலை எடுத்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி அறையை நானே திறந்து அவனைப் படுக்க வைத்து எடுத்தேன். அலை சுத்தமாக இருந்தது. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. மெஷின் சொன்னதை நம்பினேன். மாத்திரையை மறுபடி தொடவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் நான் சேலத்தில் வேலையில் இருந்தேன். இங்கே பிடித்த வலிப்பு நிற்கவில்லை. மங்கம்மா அவனைத் தூக்கிக்கொண்டு செங்கல் டிராக்டரில் ஊத்தங்கரைக்குப் போனாள். போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. கண்ணில் மஞ்சள் இருந்ததென்று யாரோ சொன்னார்கள். நான் காமாலை என்றேன். பால் சேரவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

அவன் பெயர் அந்த டிஸ்க்குப் பெட்டியில் இருப்பதைப் பார்க்க முடியாமல்தான் மேலே எழுதினேன். தட்டுப்பாடு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா கேட்டபோது மங்கம்மா என் தோளை ஒட்டி நின்றாள். முப்பது வருஷம் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. உன் கல்யாணப் பேச்சின்போதும் அப்படித்தான். வலிப்பைச் சொன்னால் மாத்திரையை நிறுத்தியதையும் சொல்ல வேண்டிவரும்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய். மங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இந்த வயதில் அவள் தாங்க மாட்டாள்.

பாப்பாவுக்கு ஊசி போட்டார்களா?

ஆனந்தராஜ்


மூக்கண்டப்பள்ளி,
25.7.2025

அப்பாவுக்கு,

போட்டார்கள். தலையில் வயர்களை ஒட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே போட்டார்கள். முதல் நாள் ஒன்றும் மாறவில்லை. முன்பு அந்த இடத்தில்தான் கைவிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை உங்கள் குறிப்பு கையில் இருந்ததால் டாக்டரம்மா விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் முட்களாகக் குத்திக்கொண்டிருந்த கோடு மெல்ல அடங்கியது. பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இன்றோடு பதினோரு நாள், ஒரு தடவைகூட வரவில்லை. கண்ணைப் பாதிக்கும் மருந்தை எழுதவே இல்லை.

"இந்தக் குறிப்பை எழுதினவரு உயிரோட இருக்காரா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். அன்று வந்தபோது அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்றேன். அவர்கள் சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டார்கள்.

நான் சந்தோஷமாக இருக்க வேண்டும். சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பூசண வாடையும் வருகிறது. உங்கள் மருமகனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு "எங்கம்மாவா அப்பிடிச் சொன்னாங்க?" என்றார். சாப்பிடவில்லை, ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அப்போது ஆறு வயதுப் பையன். ஆனாலும் மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பெயரும் வரவில்லை. "இங்க பாருங்க" என்று கூப்பிடுகிறேன்.

அம்மா தாங்க மாட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷமாக அவள் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஆறு மாதமானபோது தன் பாலை நிறுத்த வேப்பெண்ணெய் தடவிக்கொண்டவள் அவள். கூடப்பிறந்த தம்பிக்குப் பெண்ணைக் கொடுக்கும்போதுகூட "எம்பாலு அவளுக்கு வராம இருக்கணும்" என்று சாமி கும்பிட்டவள். மருந்தை நிறுத்தியவர் நீங்கள், பாலை நிறுத்தியது நாங்கள் இருவரும்.

நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்ய மாட்டேன். பத்து நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களையும் எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைப்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும்.

பார்வதி


சாமல்பட்டி,
3.8.2025

பார்வதிக்கு,

சொல்லிவிட்டேன். முந்தாநாள் காலையில், அவள் மாட்டைக் கறந்துகொண்டிருக்கும்போது. உட்கார வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கறப்பதை நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டாள். பிறகு "மாத்திர எங்க இருந்துச்சு?" என்றாள்.

"சட்டைப் பையில."

"அவன் செத்த அன்னிக்குமா?"

"அன்னிக்கும்."

சொம்பை எடுத்துப் பாலைச் சாணக்குழியில் ஊற்றினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்று விடிந்ததும் ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டாள். போன் கட்டில் மேலேயே கிடக்கிறது. தனியாக அவ்வளவு தூரம் வந்ததில்லை, கிருஷ்ணகிரியில் பஸ் மாறத் தெரியுமோ என்னவோ. இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருப்பாள். வந்ததும் ஒரு வரி எழுது.

இங்கே மாட்டுக்கு மடிநோய். டாக்டர் ஊசியும் மருந்தும் கொடுத்திருக்கிறார். என்னைக் கிட்டே விட மாட்டேன் என்கிறது.

ஆனந்தராஜ்


மூக்கண்டப்பள்ளி,
8.8.2025

அப்பாவுக்கு,

அம்மா வந்துவிட்டாள். கிருஷ்ணகிரியில் தவறான பஸ்ஸில் ஏறி, ராயக்கோட்டை வழியாகச் சுற்றி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கால் வீங்கியிருந்தது.

பாப்பாவை வாங்கினாள். அவள் வாயை முகர்ந்து பார்த்தாள். "உனக்கு இன்னும் பால் வருதாடி?" என்றாள்.

"இல்லம்மா. எப்பவோ வத்திப்போச்சு."

பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. தண்ணீர் மேல் தொட்டி காலியாகும்வரை ஓடியது. வெளியே வந்தபோது புடவை நனைந்திருந்தது, முகம் காய்ந்திருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய் என் பாத்திரங்களை எல்லாம் விளக்கினாள். விளக்கி வைத்திருந்தவற்றையும் எடுத்து மறுபடி விளக்கினாள்.

இப்போது பாப்பாவின் மாத்திரையை அவள்தான் கொடுக்கிறாள். அட்டையில் ஒவ்வொன்று தீரும்போதும் காலண்டரில் கோடு போடுகிறாள். சாமல்பட்டிக்கு எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை. ஜெயமணி அக்காவிடம் சொல்லித் தன் துணிகளை அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாடு என்ற இடம் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "நான் சொல்றத அப்படியே எழுதுடி" என்றாள். அப்படியே எழுதுகிறேன்:

"அந்த மனுசனுக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. மாட்டுக்குத்தான் சொல்றேன். மடிய வெந்நியில தொடச்சு உட்டுட்டு மருந்து போடச் சொல்லு. டாக்டரு அஞ்சு நாளுன்னா அஞ்சு நாளும் போடணும். வீக்கம் கொறஞ்சுபோச்சு, நல்லாத்தான இருக்குதுன்னு அவரா பாத்து நிறுத்த வேணாம்."

பார்வதி